மூச்சு வாங்கினால் 'கேஸ்' என்று விட்டு விடாதீங்க! இதய வால்வு லீக்காக இருக்கலாம்

நாகர்கோவில்:

கோட்டாறு மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே லாரியில் இருந்து மூட்டை இறங்க ஆரம்பித்து விடும். தினமும் சுமை தூக்குகிற ஆள் ஒருநாள் மூன்றாவது மூட்டையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தால், பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தை, "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி" என்பதுதான். சோடா குடித்து ஏப்பம் விட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கும். விஷயம் அதோடு முடிந்து விடும்.

கேஸ் என்றால் பாரம் தூக்கும்போதும் படி ஏறும்போதும் மட்டும் ஏன் வர வேண்டும்? ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது ஏன்? சாயங்காலம் ஆனால் கால் வீங்குவது ஏன்? இதற்கு ரத்த சோகை, ஆஸ்துமா என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதய வால்வில் லீக் இருந்தாலும் இப்படித்தான் வரும். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், சோடா கடைக்காரர் அல்ல.

புட்வால்வு மாதிரிதான்

கிணற்று மோட்டாரில் புட்வால்வு கெட்டுப்போனால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், ஆனால் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்கிக் கொண்டே இருக்கும். இதயத்திலும் இதே கதைதான். இதயத்தில் 4 அறை, 4 வால்வு. ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போவதற்காக இந்த வால்வுகள் திறந்து மூடுகின்றன. ஒருநாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை!

இதில் அதிகம் கெடுவது இடது பக்கம் உள்ள மைட்ரல், அயோர்ட்டிக் என்ற 2 வால்வுகள். மைட்ரல் வால்வு சரியாக மூடாவிட்டால் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்புகிறது. அதுதான் மூச்சு முட்டல். குறையை ஈடுகட்ட இதயம் கூடுதலாக வேலை செய்து மெல்ல மெல்லப் பெரிதாகிறது. இப்படியே வருடக்கணக்கில் சமாளித்து விடும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது இதயம் களைத்துப் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்வு லீக் வேறு, அடைப்பு வேறு. அடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாயில் வருவது. அதற்குத்தான் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம். "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சு சரியாச்சே" என்று வால்வு நோயாளியிடம் சொல்லிப் பயன் இல்லை.

தொண்டை வலியில் தொடங்குவது

வயதானவர்களுக்கு வால்வு தேய்ந்தும் தளர்ந்தும் லீக் வரும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். ஆனால் இளம் வயதில் வால்வு கெட்டவர்களைக் கேட்டால், சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அதன் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒருவகை கிருமியால் தொண்டை வலி வருகிறது. சரியான மருந்து கொடுக்காமல் விட்டால் சிலருக்கு 2, 3 வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வலி விட்டதும் கணுக்கால் வலிக்கும், பிறகு முழங்கை. மூட்டு வலி தானாகப் போய்விடும். இதயத்தில் பட்ட காயம் போகாது.

இந்தப் பிள்ளைகளுக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவார்கள். சிலருக்கு 10 வருடம், வால்வு ரொம்பக் கெட்டவர்களுக்கு 40 வயது வரைகூடத் தொடர வேண்டியிருக்கும். பிள்ளை துள்ளிக் குதிக்கிறானே, இன்னும் எதற்கு ஊசி என்று நடுவில் நிறுத்தும் பெற்றோர் இருக்கிறார்கள். காய்ச்சல் திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடும்.

எக்கோ ரிப்போர்ட்டை பார்த்து பயப்படலாமா?

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் லப்-டப் சத்தத்துக்கு நடுவே 'புஸ்' என்ற சத்தம் கேட்கும். உறுதி செய்வது எக்கோ பரிசோதனை. வலி கிடையாது, ஊசி கிடையாது. ரிப்போர்ட்டில் 'டிரிவியல்' அல்லது 'மைல்டு' லீக் என்று இருந்தால் பதற வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் டிரிவியல் லீக் இருப்பது உண்டு. 'மாடரேட்' என்றால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எக்கோ பார்க்க வேண்டும். 'சிவியர்' என்றால்தான் ஆபரேசன் பேச்சு வரும். நீர் பிரியும் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இதயத்தின் பாரத்தைக் குறைக்குமே தவிர, ஓட்டையை அடைக்காது.

திருவனந்தபுரத்தில் பிறந்த வால்வு

ஆபரேசனில் முடிந்தவரை சொந்த வால்வையே தைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் புது வால்வு. மாடு, பன்றியின் திசுவில் செய்த வால்வும் உண்டு. அது பெரும்பாலும் 10, 15 வருடம் உழைக்கும். உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும்.

ஒரு காலத்தில் உலோக வால்வு என்றாலே வெளிநாட்டுச் சரக்கு, விலையோ யானை விலை. அதை மாற்றியது நமக்குப் பக்கத்தில் ரெயிலில் போய்வருகிற தூரத்தில் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம். (நம்ம ஜில்லாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி கணக்கில்தானே இருந்தது!) டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் என்ஜினீயர்களும் சேர்ந்து இறங்கினார்கள். ஒன்றல்ல, 3 மாடல் தோற்றுப் போனது. முதல் மாடலில் வெல்டிங் பக்கம் உடைந்தது. அடுத்ததில் உலோகம் தேய்ந்தது. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டத்தகடு ஆட்டுக்கு வைத்துப் பார்த்தபோது உடைந்து போனது. நாலாவது மாடலில் மூட்டு மாற்று ஆபரேசனுக்குப் பயன்படும் வகைப் பிளாஸ்டிக்கில் தகடு செய்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6-ந்தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டர் வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

வால்வு வைத்த பிறகுதான் வேலையே

உலோக வால்வில் ரத்தம் உறைந்தால் தகடு அசையாமல் நின்று விடும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் வார்பரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பி.டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். பெரும்பாலும் அளவு 2.5-ல் இருந்து 3.5-க்குள் இருக்கச் சொல்வார்கள். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு.

கூலி வேலைக்காரர்கள் இங்கேதான் மாட்டிக் கொள்கிறார்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். முருங்கைக்கீரையை விடச் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே சொல்ல வேண்டும், மாத்திரை குழந்தையைப் பாதிக்கும். பல் பிடுங்கப் போனாலும் 'வால்வு வைத்திருக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் வால்வு ஆபரேசன் செய்யலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். வெளி மாநிலத்துக்குப் போவதாக இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் இந்த அட்டை செல்லுமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. முதலில் காட்ட வேண்டிய இடம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. போகும்போது பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். லீக் முன்பை விடக் கூடியிருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.