வேட்டை மீனுக்கு வீட்டில் தொட்டி: முதலில் கணக்கு, பிறகு கண்ணாடி

மாணவர்களே, 'மீன் தொட்டி அமைத்தல்' என்று விளக்கக் கட்டுரைக்குத் தலைப்பு வந்தால், கல், செடி, விளக்கு என்று அலங்காரத்தைப் பற்றியே எழுதத் தோன்றும். பெரிய வேட்டை மீன் வளர்ப்பதென்றால் அலங்காரம் கடைசிதான். முதலில் கணக்கு.

1. மீனின் முழு வளர்ச்சி
மற்ற மீன்களைப் பிடித்துத் தின்பவை வேட்டை மீன்கள். கெலிசா எனப்படும் அரோவானா, விரால் இனத்தைச் சேர்ந்த தோமான், அமேசான் ஆற்றுச் சிவப்புவால் கெளுத்தி ஆகியவை நம் வட்டாரக் கடைகளில் பார்க்கக்கூடியவை. குஞ்சாக இருக்கும்போது விரல் நீளம்தான். வளர்ந்தால்? தொட்டிக் கெலிசா ஏறக்குறைய 60 செ.மீ. வரும். மற்ற இரண்டும் ஒரு மீட்டரையே தாண்டக்கூடியவை. கடையில், "எவ்வளவு விலை?" என்று கேட்கும் முன், "இது எவ்வளவு பெருசா வரும்?" என்று கேளுங்கள்.

ஆசியக் கெலிசா, சைட்டீஸ் அனைத்துலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். ஆகவே, பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, மைக்ரோசிப் பொருத்தப்பட்ட மீனைச் சான்றிதழோடுதான் வாங்க வேண்டும்.

2. தொட்டியின் அளவு
மீன் திரும்ப வேண்டுமல்லவா? தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

180 × 75 × 60 = 810,000 கன செ.மீ. = 810 லிட்டர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் மட்டுமே 810 கிலோ! கண்ணாடியும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் இன்னும் கூடும். அடுக்குமாடி வீடென்றால் தரை தாங்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இத்தொட்டியில் கெலிசா திரும்பலாம்; ஒரு மீட்டர் கெளுத்தியால் முடியாது.

3. தண்ணீர் தயாராகட்டும்
குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுள்களைப் பாதிக்கும். அதை நீக்கும் மருந்தைக் கலக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். 'இன்னைக்குத் தொட்டி, இன்னைக்கே மீன்' என்றால் மீன் செத்துப்போகும்.

நைட்ரேட் சேராமலிருக்க, வாரந்தோறும் கால்பங்கு தண்ணீரை மாற்றலாம். அதாவது ஏறக்குறைய 200 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் இருபது வாளி. யார் தூக்குவது என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள்.

4. மூடியும் உணவும்
கெலிசா நீர்மட்டத்துக்கு மேலே தாவிப் பூச்சி பிடிக்கும் மீன். கனமான மூடி இல்லையென்றால் காலையில் தரையில்தான் கிடக்கும். உயிருள்ள சிறுமீன்களைப் போட்டால் நோயும் கூடவே வரலாம். இறால், மீன் துண்டு, உருண்டைத் தீனி ஆகியவை போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

5. வளர்க்க முடியாமல் போனால்?
'பாவம், ஆற்றில் விட்டுடலாம்' என்று நினைப்பது இரக்கமல்ல. தென்னமெரிக்காவின் பீக்காக் பாஸ் இன்று மலேசியாவின் பழைய ஈயக்குட்டைகளில் பெருகி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்கிறது. சிங்கப்பூரில் அனுமதியின்றி விலங்குகளை வெளியே விடுவது சட்டப்படி குற்றம். கடைக்கோ, இடவசதி உள்ள வேறொருவருக்கோ கொடுப்பதே முறை. அதற்கும் வழியிருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு ஒத்துவரவில்லையா? சின்ன மீனையே வளர்க்கலாம்; அதுவும் அழகுதான்.

பயிற்சி
அ. 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்?
ஆ. அத்தொட்டி தோமானுக்குப் பொருந்துமா? காரணம் தருக.
இ. 'வளர்ப்பு மீனை ஆற்றில் விடலாமா?' ஒரு பத்தி எழுதுக.

ஆசிரியர்களுக்கு: முதல் வினாவைக் கணிதப் பாடத்தோடும் மூன்றாவதை வாய்மொழிப் பயிற்சியோடும் இணைக்கலாம்.