ஸ்க்ரோல் சா மரவேலை

ஸ்க்ரோல் சா மரவேலை என்பது, நூல்போல் மெல்லிய அலகு பூட்டிய சிறு ரம்பத்தால் மரப்பலகையை வளைத்தும் நெளித்தும் அறுத்து, எழுத்துகள், பூவேலை, புதிர்ப்படம், பொம்மை முதலியவற்றைச் செய்யும் கைவேலை ஆகும். உளியால் செதுக்கும் சிற்ப வேலையிலிருந்து இது வேறுபட்டது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தில் மரம் ஆழமாகக் குடையப்படுகிறது; அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கடைசல் இயந்திரத்தில் சுழற்றிக் கடையப்படுகின்றன. ஸ்க்ரோல் சாவிலோ பலகை தட்டையாகவே இருக்கும். அதன் ஓரமும் உள்வெட்டும்தான் உருவத்தைத் தருகின்றன.

இந்த வேலைக்கு மூலம் கையால் இழுக்கும் கம்பி ரம்பம். 1760-களில் இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லையோடு அறுத்து விற்றார். இன்றைய ஜிக்சா புதிர்களுக்கு அதுவே தொடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலால் மிதிக்கும் இயந்திரங்கள் வந்தன. 1895-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஹாபீஸ்' வார இதழ் அறுப்பு வரைபடங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய மரபு மைசூர் ஈட்டிமரப் பதிப்பு வேலை. பல நிற மரங்களிலிருந்து யானை, மரம், மனித உருவங்களைக் கம்பி ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஈட்டிப் பலகையில் அதே அளவுக்குப் பள்ளம் எடுத்துப் பதிப்பார்கள். தந்த வணிகம் தடைப்பட்ட பிறகு அதன் இடத்தை நெகிழி பிடித்துக்கொண்டது.

இயந்திரம்

மின் ஸ்க்ரோல் சாவில் ஒரு சிறு மேசை, மேலும் கீழுமாக இரு கைகள், அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய அலகு ஆகியவை உண்டு. மோட்டார் சுழல, அலகு ஏறி இறங்கும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 400 முதல் 1600 அல்லது 1800 அடிகள் வரை. அலகிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள இடைவெளியே இயந்திரத்தின் அளவு, 16 அங்குலம் (சுமார் 40 செ.மீ.) தொடக்கநிலைக்குப் போதும். மேசையை 45 பாகை வரை சாய்க்கலாம்.

கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் நேரும். 'ஜிக்சா' என்று விற்பது கையில் பிடித்துப் பலகையின் மேல் ஓட்டும் கருவி. ஸ்க்ரோல் சாவில் கருவி அசையாது, பலகைதான் நகரும். நுண்வேலைக்கு ஜிக்சா உதவாது.

கடையநல்லூர் போன்ற ஊர்களில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கருவியை அங்கிருந்து வரவழைப்பவர்களும் உண்டு. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவுக்கென்று செய்த இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதை நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

எந்த இயந்திரமானாலும் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தொடக்கக்காரர்கள் கோணல் வெட்டுக்குத் தங்கள் கையைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றம் ஆடும் மேசையில் இருக்கும்.

பணம் போடத் தயங்குபவர்கள் கைக்கருவியில் தொடங்கலாம். வளைந்த சட்டம் கொண்ட கம்பி ரம்பமும், மேசை விளிம்பில் இறுக்கிய, வி வடிவ வெட்டுள்ள ஒரு பலகைத் துண்டும் இருந்தால் வேலை நடக்கும். பொற்கொல்லர் பயன்படுத்தும் ரம்பமும் இதே இனம்தான். அதன் அலகு சுமார் 13 செ.மீ.; தென்காசி போன்ற ஊர்களில் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உலோகத்துக்கான அந்த நெருக்கமான பற்களில் மரத்தூள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய பலகைக்கு மட்டும் ஏற்றது.

அலகு

வேலையின் தரத்தை இயந்திரத்தைவிட அலகே தீர்மானிக்கிறது. வழக்கமான நீளம் 5 அங்குலம். முனையில் குறுக்கூசி உள்ளது, இல்லாதது என இரு வகை. குறுக்கூசி அலகை மாட்டுவது எளிது. ஆனால் ஊசி நுழையப் பெரிய துளை வேண்டியிருப்பதால் நுண்ணிய உள்வெட்டுக்கு ஆகாது. வாங்கும் இயந்திரம் இரண்டையும் ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்க. தடிமன் எண்களால் குறிக்கப்படும்: மென்தகட்டுக்கு 1-க்கும் கீழ், கால் அங்குலப் பலகைக்கு 3, அரை முதல் முக்கால் அங்குலத்துக்கு 5, தடித்த வன்மரத்துக்கு 7 அல்லது 9. எண் 5 அலகு ஏறத்தாழ 1 மி.மீ. அகலமே இருக்கும். ஒடிவது இயல்பு, அதனால்தான் டஜன் கணக்கில் விற்கிறார்கள்.

பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுப்பு போதுமா என்று அறிய, விரலால் தட்டினால் தம்பூராத் தந்திபோல் தெளிவாக ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் இறுக்க வேண்டும். தயாரிப்பின்போது அலகின் ஒரு பக்கம் சிறு பிசிறு தங்குவதால், பலகையை நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒருபுறம் விலகும். சில பாகை திருப்பிப் பிடித்துத் தள்ளினால் சரியாகிவிடும். இது இயந்திரக் கோளாறு அல்ல.

மரம்

கடையநல்லூருக்குத் தென்மேற்கே உள்ள செங்கோட்டை, 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்; மர அறுவை ஆலைகளும் மரக்கடைகளும் நிறைந்தது. கதவு, நிலை அறுத்தபின் மிஞ்சும் தேக்கு, வேம்பு, பலா, மா துண்டுகள் இந்தப் பொழுதுபோக்குக்குத் தாராளம். பழகுவதற்கு 4 முதல் 6 மி.மீ. ஒட்டுப்பலகை நல்லது, மெல்லிய பாலம் போன்ற பகுதிகளும் அதில் எளிதில் முறியாது. மலிவான ஒட்டுப்பலகையின் நடு அடுக்கில் ஓட்டை இருக்கும்; வாங்கும்போது ஓரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ரப்பர் மரம் வெளிர் நிறம், சீரான இழை, பொம்மைக்கு ஏற்றது. பலாவின் மஞ்சளும் தேக்கின் பழுப்பும் பக்கத்தில் நின்றால் சாயமே தேவைப்படாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துச் சாரல் காலத்தில் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சிப் பருக்கும். அப்போது இறுக்கமாகப் பொருத்திய புதிர்த்துண்டு வெயில் காலத்தில் தளர்ந்துவிடும். பலகையை வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரமாவது காற்றாட அடுக்கி வைப்பது வழக்கம். அலகுகளையும் மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதிலும் கவனம் தேவை. மேற்கே மலையடிவாரம் காப்புக்காடு. அங்கே விழுந்து கிடக்கும் கிளையைக்கூட அனுமதியின்றி எடுக்கக் கூடாது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. ரசீது இல்லாத ஈட்டித் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அறுக்கும் முறை: ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை

வரைபடத்தை நேரடியாக மரத்தில் ஒட்டாமல், முதலில் காகித நாடா ஒட்டி அதன்மேல் படத்தை ஒட்டினால், முடிந்தபின் சுலபமாக உரிந்து வரும். உள்வெட்டுகளை முதலில் அறுக்க வேண்டும்: சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அதில் நுழைத்து, மீண்டும் பூட்டி அறுப்பது. வெளிக்கோடு கடைசியில்தான். முதலில் வெளியை அறுத்துவிட்டால் பிடிக்க இடமிருக்காது.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில வரைபடப் புத்தகங்கள் இதற்கு வழி சொல்லா. 'கடையநல்லூர்' என்று அறுக்க வேண்டுமானால் ஐகாரக் கொம்பு தனியாக நிற்கும். ல், ர் இரண்டின் புள்ளிகளும் எதனோடும் ஒட்டாமல் கீழே விழும். எழுத்துகளை அடியில் ஒரு பட்டையால் இணைத்து, புள்ளியை எழுத்தின் தலையைத் தொடும்படி சற்றுத் தாழ்த்தி வரைவது ஒரு வழி. எழுத்துகளைத் தனித்தனியே அறுத்து வேறு நிறப் பலகையில் ஒட்டுவது இன்னொரு வழி. படிக்க அதுவே தெளிவு. பலகையில் எழுத்தையே துளையாக வெட்டினால் சிக்கல் தலைகீழாகும்: 'க'வின் மூடிய வயிறு உதிர்ந்துவிடும். அதைத் தாங்க இரண்டு மி.மீ. பாலம் விட வேண்டும். கணினி எழுத்துருவை அப்படியே அச்செடுத்து அறுக்க முனைபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இதே பலகையை லேசர் இயந்திரம் சில நிமிடங்களில் வெட்டிவிடும். ஆனால் அதன் ஓரம் கருகியிருக்கும். தடித்த வன்மரத்தில் திணறும். சாய்த்த மேசையில் அறுத்து, துண்டைச் சற்றே அமுக்கி மேடு பள்ளமாக நிறுத்தும் வேலையையும் வழக்கமான லேசரால் செய்ய முடியாது.

தூசியும் பாதுகாப்பும்

மர இயந்திரங்களில் ஸ்க்ரோல் சா ஆபத்துக் குறைந்தது. பலகையைத் தூக்கி எறியாது. இருந்தும் விரல் அலகின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. அலகு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். துப்பட்டா, தொளதொளத்த சட்டைக்கை ஆகியவற்றை ஒதுக்கிக் கட்ட வேண்டும்.

உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாத தூசியில் இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. மூக்கின் உட்பகுதியே முதன்மையாகப் பாதிக்கப்படும். இயந்திரத்தின் ஊதுகுழல் கோட்டைத் தெளிவாக்குமே தவிர, தூசியை முகத்துக்கு நேரே அனுப்பும். துணி முகக்கவசம் போதாது. என்95 தரம் வேண்டும். படுக்கையறையில் இந்த வேலை ஆகாது; மொட்டைமாடிக் கொட்டகையோ திண்ணையோ மேல்.

மெருகும் விற்பனையும்

120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, அரக்கு மெருகோ தேன்மெழுகோ பூசலாம். வண்ணம் அடித்தால் ஈய அளவு பார்க்க வேண்டும். 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவைக் குழந்தைப் பொம்மைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பழகியவர்கள் அடுத்து விற்க நினைப்பார்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மரப்புதிரும் இதில் அடங்கும். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பெயர்ப்பலகை, சுவர் அலங்காரம், விளக்குத் தட்டி போன்றவை பொம்மை அல்ல என்பதால் அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.