கொடிமலைப் புகைபோக்கிகளும் சுண்ணாம்பும்

பினாங்கிலே குளிர்காயக் கணப்பு கட்டிக்கொண்டவர்கள் உண்டென்றால் புதியவர்கள் நகைப்பார்கள். ஆயினும் நகரத்தைவிட ஐந்து டிகிரியளவு குளிர்ந்த கொடிமலையில், 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறிச் சென்ற வெள்ளைக்காரப் பிரபுக்கள், சொந்த தேசத்து வழக்கத்தை விட மனமின்றி, பங்களாவுக்குள் கணப்பும் கூரைமேல் செங்கற் புகைபோக்கியும் அமைத்தே தீர்ந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் விதவிதமான சித்திரச் செங்கற் புகைபோக்கிகளை எழுப்பி அழகு பார்த்த இனத்தார் அல்லவா!

இன்று அவற்றின்கீழ் நெருப்பு மூட்டுவாரில்லை, ஆகவே கவனிப்பாருமில்லை. நாற்புறமும் உச்சியிலும் மழையைத் தாங்கி நிற்கும் அந்தச் செங்கல் இடுக்கில் பறவை இட்ட ஆலவிதை வேர்விடுவது ஆபத்துதான். ஆனால் என் கவலையெல்லாம் சிமெண்டைப் பற்றியது.

பழைய செங்கல் மிருதுவானது. அதில் புகுந்த ஈரம் சுண்ணாம்புக் காரை வழியே வெளியேறிவிடும். ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரால் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டாலோ, ஈரம் செங்கல் வழியாகவே வெளிவர முயல, உடன்வரும் உப்பு உள்ளே படிகமாகி, பூசிய சிமெண்டு மட்டும் கம்பீரமாய்த் துருத்தி நிற்க, செங்கல்லின் முகம் தவிடாய் உதிர்கிறது. சிமெண்டு மலிவு, சீக்கிரம் இறுகும் என்று வாதிப்பாரும் உண்டு. முதற் சில வருஷங்களுக்கு அவர்கள் சொல்வது உண்மையே.

உளிகொண்டு, இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்குப் பழைய காரையைச் சுரண்டி, நீர் தெளித்து, பல வாரம் ஊறிய சுண்ணாம்பை மணலுடன் குழைத்து அழுத்திப் பூசி, ஈரச்சாக்கு போர்த்தி மெல்ல உலரவிடுவதே முறை. உச்சி வாயை மூடினாலும் காற்றுக்கு வழி விடவேண்டும்.

இந்த வித்தை இவ்வூருக்குப் புதிதன்று. 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்ட உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். லீத் தெரு நீல மாளிகையின் நிறமே அவுரி கலந்த சுண்ணாம்புப் பூச்சுதான். அதன் புனருத்தாரணம் 2000-இல் யுனெஸ்கோ விருதும் பெற்றது. 2008 முதல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கட்டடத்தைக் காக்க விதிகள் உண்டு, கொத்தனாரைக் காக்க விதி ஏது?

கொடிமலையில் பழைய பங்களா வைத்திருக்கும் அன்பர்களே, சாரம் கட்டுமுன், வந்திருப்பவருக்குச் சுண்ணாம்பு குழைக்கத் தெரியுமா என்று விசாரியுங்கள். தெரியாதென்றால் ஒரு மழைக்காலம் கழிந்தாலும் பாதகமில்லை, தெரிந்தவர் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். கிடைத்தபின், அவரிடம் தொழில் கற்க ஒரு பையனையும் சேர்த்து, அவனுக்கும் கூலி கொடுங்கள்.