போடப் போட விட்டுக்கொடுக்குமா?

"போடப் போட விட்டுக்கொடுக்கும்மா!"

போன ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், சின்னசேலத்துச் செருப்புக் கடை ஒன்றில் கடைக்காரர் சொல்லிக் கேட்ட வார்த்தை இது. நைனார்பாளையத்திலிருந்து அம்மாவோடு பஸ் ஏறி வந்திருந்தாள் ஒரு பெண். வரவேற்புக்குப் போட ஹீல்ஸ் வேண்டும். தங்க நிறப் பட்டை, அதில் வரிசையாகக் கல். காலை நுழைத்தால் சுண்டுவிரல் பட்டைக்கு வெளியே பிதுங்கியது. "கடிக்கும்டி, வேண்டாம்" என்றார் அம்மா. அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முதுகு தானாக நிமிர்ந்தது. "இதுவே இருக்கட்டும்மா."

அந்த நிமிர்வை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் எங்கள் தெருவைக் கடக்க வேண்டும் என்று தலித் மக்களை மிரட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. களைவெட்டுக்கு வெறுங்காலோடு போய், பித்தவெடிப்போடு திரும்பிய பாட்டிகளின் பேத்திகள், இன்று காலுக்கு அழகு கேட்கிறார்கள். கேட்கட்டும்.

ஆனால் நல்ல டிசைனர் ஷூவின் மதிப்பு மினுக்கும் கல்லில் இல்லை. இத்தாலியின் காலணி வடிவமைப்பாளர் சால்வத்தோரே ஃபெராகாமோ, அமெரிக்காவில் இருந்தபோது உடற்கூறியல் வகுப்புக்கே போய்ப் படித்தவர். உடம்பின் பாரம் பாதத்தின் நடு வளைவில் இறங்குகிறது என்று கண்டு, அந்த இடத்தைத் தாங்க அடிப்பாகத்தில் எஃகுப் பட்டை வைத்தார். 1930களில் நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, தக்கையை அடுக்கி நிரப்பினார். இன்று நம் பெண்கள் விரும்பிப் போடும் வெட்ஜ் ஹீல்ஸ் அப்படி வந்ததுதான்.

அப்படியானால் நைனார்பாளையத்துக் கால் ஏன் பிதுங்குகிறது? அந்தக் கேள்விக்கு அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பதில் வைத்திருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. நாமோ இத்தனை காலமும் அவர்கள் அளவில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். நமக்கென்று 'பா' என்ற புது அளவுமுறையை அந்த ஆய்விலிருந்து வகுத்திருக்கிறார்கள்.

இதை நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. காலணித் தொழிலில் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உலகத்துக்கு ஷூ தைக்கப்போகும் பெண்களின் காலுக்குப் பொருந்துகிற அச்சில், இந்த மண்ணிலேயே அழகான ஷூ தயாராக வேண்டும். நம் நிறுவனங்கள் 'பா' அளவை உடனே கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை, கடைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி, முழு அளவில் இருக்கும். செருப்பை வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. இரண்டு காலிலும் போட்டுப் பத்தடி நடங்கள். தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ரெக்சின் விட்டுக்கொடுக்காது. கடையிலேயே கடித்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.