பொதுநீரும் பொதுக்கணினியும்

உன்னிச்சைக் குளத்து நீர் படுவான்கரை வயல்களுக்குப் பாயும் முறையை வவுணதீவு மக்கள் நன்கறிவர். விதைப்பிற்கு முன்னர் உழவர் கூட்டங் கூடி, நீர் திறக்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் குறிப்பர். முறை பிறழாது நீர் செல்கின்றதா என வட்டைவிதானை மேற்பார்ப்பார். இத்தகைய பழைய வழக்கங்களுக்கே 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் சட்டவலு அளித்தது. தலைவாய்க்காலில் உள்ளவன் வேண்டியமட்டும் எடுப்பின், கடைமடையில் உள்ளவனுக்கு வெடித்த நிலமே எஞ்சும் என்பது இவ்வழக்கத்தின் உட்கருத்து.

இக்கருத்து இன்று கணினித் துறையிலும் பெரிதும் வேண்டப்படுகின்றது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு முதலியன யாவும் தரவுத்தளங்களிலேயே சேமிக்கப்படுகின்றன. தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். ஒரே தரவுத்தளத்தைப் பல்லாயிரவர் ஒருங்கே அணுகலாம். ஆயினும் கணினியின் ஆற்றல் குளத்து நீரைப் போன்று அளவுடையதேயாம்.

ஆதலின், உள்ளே புகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கும், அக்கணக்கிற்கு ஒரு வரம்புத் தொகுதியும் வகுக்கப்படும். அத்தொகுதியைப் 'புரொபைல்' என்பர். ஒராக்கிள் தரவுத்தளத்தில் ஒரு கணக்கிற்கு ஒரு புரொபைலே உண்டு. ஒருவர் ஒரே வேளையில் எத்தனை இணைப்புகள் வைத்திருக்கலாம், எத்தனை நிமிடம் வாளாவிருக்கலாம், கடவுச்சொல்லை எத்தனை முறை பிழைத்தால் கணக்குப் பூட்டப்படும் என்பன அதில் அடங்கும். தனியாக ஒன்று வகுக்காவிடின் பொதுப் புரொபைலே பொருந்தும். புரொபைலில் ஒரு திருத்தஞ் செய்தால், அதைச் சார்ந்த கணக்குகள் அனைத்திற்கும் அது சேரும்.

வரம்பு தடுக்குமேயன்றிப் பங்கிடாது. பங்கிடுதற்கென 1999இல் வெளிவந்த ஒராக்கிள் 8ஐ பதிப்பில் வளமேலாண்மை என்னும் கருவி சேர்க்கப்பட்டது. இது கணக்குகளைக் குழுக்களாக்கி, கணினியின் உழைப்பில் இன்ன குழுவிற்கு நூற்றுக்கு இத்தனை பங்கு என விதிக்கும். பகலில் மக்களுக்கு விடைதரும் பணிக்குப் பெரும்பங்கும், நீண்ட அறிக்கை தயாரிக்கும் பணிக்குச் சிறுபங்கும் அளிக்கலாம். ஒரு குழு கொள்ளாது விட்ட பங்கை மற்றவை பயன்படுத்தும்; ஆற்றல் வீணே கழியாது.

இனி, தொகுதிக் கணக்குகளைப் பற்றி ஒரு சொல். இவை மனிதர்க்குரியனவல்ல, செயலிகளும் காப்புப்பிரதி எடுக்கும் பணிகளும் இவற்றின் வழியே இயங்குகின்றன. 2007இல் வந்த 11ஜி பதிப்பு முதல், பொதுப் புரொபைலில் கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாள் என வகுக்கப்பட்டது. மனிதனெனின் எச்சரிக்கையைக் கண்டு அதனை மாற்றுவான். செயலியோ அறியாது, குறித்த நாள் கடந்ததும் உள்ளே புக இயலாமல் நின்றுவிடும், அதனை நம்பிய சேவையும் உடன் நிற்கும். எனவே இக்கணக்குகளுக்குத் தனிப் புரொபைல் வேண்டும். அதற்காக எல்லா வரம்பையும் நீக்கிவிடுதலும் கேடேயாம்; நெடுங்காலம் மாறாத கடவுச்சொல் திருடர்க்குத் திறந்த மதகாகும். நிர்வாகி குறித்த நாளில் தாமே அதனை மாற்றுதல் நன்று.

பெறுபேறு வெளியாகும் நாளில், நகரத்து மாணவனும் படுவான்கரைச் சிற்றூர் மாணவியும் ஒரே கதவைத் தட்டுகின்றனர். இருவருக்கும் விடை கிடைத்தல் இயந்திரத்தின் வேகத்தால் மட்டும் ஆவதன்று. பங்கீட்டை முன்கூட்டி வகுத்தவரின் நேர்மையாலும் ஆவது. கணினித் தொழில் புக எண்ணும் நம் மாணவர் இதனை மனங்கொள்வாராக.