பருக்காத குழந்தையைக் காண்பது எப்படி?

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கிராமத்துச் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிள் விடவும் கற்றார்கள். பலனை அறிவதில் சிரமமில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிப்பு தெரிந்துவிடும். சைக்கிளோ வீதியிலேயே தெரிந்தது.

அதே ஜில்லாவில், குழந்தைகள் அளவுக்கு மீறிப் பருக்காதிருக்க ஒரு திட்டம் வகுப்பதாக வைத்துக்கொள்வோம். பருத்த பிள்ளையைச் சுட்டிக் காட்டலாம். பருத்திருக்க வேண்டியவன் பருக்காமற் போனான் என்பதை எப்படிக் காட்டுவது?

புதுக்கோட்டையிலே பருமனா என்று நேயர்கள் சிரிக்க வேண்டாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை மிகுந்தவர் 2015-16-இல் நூற்றுக்கு 2.1, 2019-21-இல் 3.4. அதே ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நூற்றுக்கு 35.5! இரண்டு துன்பங்களும் ஒரே தேசத்தில் குடியிருக்கின்றன.

தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. எட்டு வயதுக் குழந்தை ஓராண்டில் எடை கூடத்தான் வேண்டும். ஆகையால் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, அந்த வயதுக்கும் பாலுக்கும் உரிய அளவோடு ஒப்பிடுகிறார்கள். அப்பொழுதும் வேறொரு சங்கடம் உண்டு. 2023 ஆகஸ்டில் காலைச் சிற்றுண்டித் திட்டம் மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அவ்வாண்டில் நிறுத்திருந்தால், கண்ட மாறுதல் நம் திட்டத்தாலா, சிற்றுண்டியாலா?

எனவே திட்டம் நடவாத பள்ளியும் பக்கத்தில் வேண்டும். டில்லியில் இரண்டு பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவரை வைத்து இவ்வாறு ஓர் ஆராய்ச்சி செய்து, 2010-இல் வெளியிட்டார்கள். போதனை பெற்ற பள்ளியில் உணவுப் பழக்கம் திருந்தியது. இடுப்புச் சுற்றளவிலும் நல்ல மாறுதல் கண்டது. மகிழ்ச்சியே. ஆனால் பக்கத்துக்கு ஒரு பள்ளிதானே! அந்த உபாத்தியாயர்களே கெட்டிக்காரர்களாயிருந்தால்? ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் விளையாடி, ஒரே கடையில் முறுக்கு வாங்குகிறவர்கள். அவர்கள் எத்தனை நூறு பேரானாலும் பள்ளி ஒன்றுதான்.

பல பள்ளிகளைச் சேர்த்து, எவற்றில் திட்டம் என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதே நேர்மையான வழி. நம் ஜில்லாவிலானால் கடற்கரை மணமேல்குடிக்குத் தனிச் சீட்டு, பொன்னமராவதிக்குத் தனிச் சீட்டு என்று குலுக்கவேண்டும். இரண்டு இடத்து ஆகாரமும் ஒன்றல்ல.

இங்கிலாந்தில் அப்படித்தான் 54 பள்ளிகளைச் சீட்டினால் பிரித்தார்கள். தினம் அரைமணி அதிகத் தேகப்பயிற்சி, பெற்றோருக்குச் சமையல் வகுப்பு, பெயர்பெற்ற காற்பந்துச் சங்கத்தின் துணை எல்லாம் இருந்தன. 2018-இல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க பலன் இல்லை! அதை மறைக்காமல் அச்சிட்டதை நாம் பாராட்டுகிறோம். சீட்டில்லாமல் சில நல்ல பள்ளிகளை மட்டும் பொறுக்கியிருந்தால் விழாவே எடுத்திருக்கலாம்.

பருத்த பிள்ளை வெட்கப்பட்டு நிறுக்கும் நாளில் வராமலிருந்தால் கணக்கு பொய்யாகும். ஆகவே தனியறையில், மற்றவர் காதில் எண் விழாமல் நிறுக்கவேண்டும். நிறுப்பவருக்கு எது திட்டப் பள்ளி என்று தெரியலாகாது. "என்ன தின்றாய்?" என்று வாத்தியார் கேட்டால் குழந்தை கீரை என்றுதான் சொல்லும், அந்தக் கேள்வியை வெளியார் கேட்பது நலம். நம் ஊருக்கு இன்னொன்றும் அவசியம். பருத்தவன் இளைத்தானா என்று பார்க்கும் அதே ஏட்டில், ஏற்கெனவே மெலிந்தவன் மேலும் மெலிந்தானா என்பதற்கும் ஒரு பத்தி இருக்கவேண்டும்.