எரிந்த டிரான்ஸ்பார்மரில் மிச்சம் என்ன?

ராசிபுரம் பக்கம் எங்க ஊரில் போன சித்திரையில் கிணத்து மோட்டார் லைன் டிரான்ஸ்பார்மர் புகைஞ்சு போச்சு. 100 கேவிஏ. மாத்திக் கொண்டுவந்து வெச்சதைப் பெரியப்பா தட்டிப் பார்த்துட்டு, "பெயின்ட்தான்டா புதுசு"ன்னார். பேர்ப்பலகையில் பழைய வருஷம்தான் இருந்தது. பழசுன்னா மோசமா? கொஞ்சம் தோண்டினேன்.

"எரிஞ்சு போச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் காயிலைத்தான். ஓவர்லோடோ, எண்ணெய்க் குறைவோ, இடியோ, கம்பியைச் சுற்றியுள்ள காகிதம் கருகி, சுற்றுகள் ஷார்ட் ஆகிவிடும். தொட்டியும், சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிய கோரும் பெரும்பாலும் தப்பிவிடும். பட்டறையில் புதுக் காயில் சுற்றுவார்கள். கழற்றிய செம்போ அலுமினியமோ உருக்கப் போகும். கோரையும் காயிலையும் சூடேற்றி ஈரத்தைப் போக்குவார்கள். எண்ணெயை வடிகட்டி, வெற்றிடத்தில் சூடாக்கித் தண்ணீரைப் பிரித்தபின், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஓடுகிற டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்க்கே 30 ஆவது வேண்டும்.

லாரிக்கு பாடி கட்டுற நாமக்கல்காரங்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. சேசிஸ் நல்லா இருந்தா மேல புதுசா கட்டிக்கலாம்.

ஆனா உவமை ஒரு இடத்தில் இடறுது. நின்ன லாரி டீசல் குடிக்காது. டிரான்ஸ்பார்மர் கோரோ, ஒரு மோட்டாரும் ஓடாத நடுராத்திரியிலும் கரன்ட் தின்னும். தகடு பழைய தரம்னா கூடவே தின்னும். காயிலை மாத்தினாலும் அது குறையாது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். பழைய 1 ஸ்டார் 100 கேவிஏ, பாதி லோடில் 700 வாட் வரை இழக்கலாம். ஐ.எஸ். 1180-இன் 2014 பதிப்பில் இரண்டாம் நிலைக்கு வரம்பு 475 வாட். வித்தியாசம் 225. வருஷம் முழுக்கப் பாதி லோடு என்று வைத்துக்கொண்டால் 1,971 யூனிட். நிஜத்தில் லோடு ஏறி இறங்கும்; கோர் இழப்பு மட்டும் 24 மணி நேரமும் மாறாது.

அதனால் என் கட்சி இது: ரீவைண்டிங் செய்யுமுன் கோர் இழப்பை அளக்கணும். ஓரளவுக்குள் இருந்தா சுத்தலாம். இல்லேன்னா அந்த இரும்பு உருக்காலைக்கே போகட்டும். அளந்த வாட்டைத் தொட்டி மேலேயே பெயின்ட்டில் எழுதிட்டா நல்லது.

பெரியப்பாகிட்ட சொன்னேன். "நமக்குத்தான் 1990லயே கரன்ட் ஃப்ரீ ஆயிடுச்சே, தின்னா தின்னுட்டுப் போவுது"ன்னார். ஃப்ரீயோ இல்லையோ, கோர் தின்கிறது நம்ம யார் மீட்டரிலும் ஏறாது. அது மீட்டருக்கு முன்னாடியே போயிடுது. ஊர்ல எல்லார் கட்டணத்திலும்தான் அது கலந்திருக்குன்னேன். மனுஷன் பேர்ப்பலகையை இன்னொரு தடவை துடைச்சுப் படிச்சார்.